நான்காண்டுக் கணக்கும் முப்பதாண்டுக் கணக்கும்: நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் திறந்த சேர்க்கை

1969 ஏப்ரலில் நியூயார்க் சிட்டி காலேஜின் தெற்கு வளாகத்தைக் கருப்பின மாணவர்களும் புவேர்ட்டோ ரிக்கோ வம்சாவளி மாணவர்களும் கைப்பற்றி வாயிற்கதவுகளைப் பூட்டினர். 'ஹார்லெம் பல்கலைக்கழகம்' என்று அதற்குப் பெயரும் சூட்டினர். அவர்களுடைய ஐந்து கோரிக்கைகளில் ஒன்று, நகரத்துப் பள்ளிகளில் எந்த இனத்தவர் எவ்வளவு படிக்கிறார்களோ அந்த விகிதம் கல்லூரியின் முதலாண்டு வகுப்பிலும் இருக்க வேண்டும் என்பது. கல்லூரி நிற்பது ஹார்லெம் மேட்டில். மேட்டுக்குக் கீழே வாழ்ந்த குடும்பங்களின் பிள்ளைகளை அன்று அதன் வகுப்பறைகளில் பார்ப்பது அரிதாக இருந்தது.

இத்தனைக்கும் அங்கே கட்டணம் கிடையாது. டவுன்சென்ட் ஹாரிஸின் முயற்சியால், நகர மக்களின் வாக்கெடுப்புக்குப் பிறகு 1847-இல் நிறுவப்பட்ட இலவசக் கல்விக்கூடமே பின்னாளில் சிட்டி காலேஜ் ஆனது. குடியேறி வந்த ஏழை யூதக் குடும்பங்களின் பல தலைமுறைகள் அங்கே காசு கொடுக்காமல் படித்து மேலேறின. ஆனால் விண்ணப்பங்கள் பெருகிய வேகத்தில் இடங்கள் பெருகவில்லை; கட்-ஆஃப் ஆண்டுக்கு ஆண்டு உயர்ந்தது. நல்ல பள்ளி இல்லாத பகுதியின் பிள்ளைக்கு அந்த இலவசம் எட்டாக்கனியாகவே இருந்தது. கட்டணத்தை நீக்குவது வேறு, கல்வியை எட்டச் செய்வது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

போராட்டத்தின் நடுவே கல்லூரித் தலைவர் ப்யூயல் கேலகர் பதவி விலகினார். அதே ஆண்டு ஜூலையில் நகர உயர்கல்வி வாரியம் ஒரு முடிவெடுத்தது. 1975-இல் தொடங்கத் திட்டமிட்டிருந்த திறந்த சேர்க்கை 1970-க்கு முன்னிழுக்கப்பட்டது. நகரத்தில் பள்ளி முடித்த எவருக்கும், 1961-இல் ஒரே அமைப்பாக்கப்பட்டிருந்த நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் ஏதேனும் ஒரு கல்லூரியில் இடம் உறுதி. 80 சதவீத மதிப்பெண் பெற்றவர்களும் தங்கள் பள்ளியில் மேல்பாதியில் வந்தவர்களும் நான்காண்டுக் கல்லூரிகளில் சேரலாம். இந்த இரண்டாவது விதி நுட்பமானது. எந்தப் பள்ளியானாலும் அதற்கொரு மேல்பாதி உண்டு. ஆகவே நலிந்த பள்ளியும் தன் பிள்ளைகளை நான்காண்டுக் கல்லூரிக்கு அனுப்ப முடிந்தது. 1970 இலையுதிர் பருவத்தில் முதலாண்டு மாணவர் எண்ணிக்கை 35,000 ஆனது. முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ 75 சதவீதம் கூடுதல். இத்தாலிய, ஐரிஷ் கத்தோலிக்கத் தொழிலாளர் குடும்பங்களும் இந்த வாசல் வழியே பெரும் எண்ணிக்கையில் நுழைந்தன. கருப்பின மாணவர் போராட்டத்தின் பலன் வெள்ளை ஏழைகளுக்கும் சேர்ந்தே கிடைத்தது. திறந்த சேர்க்கையைப் பற்றிய பேச்சில் இந்த உண்மை போதிய அளவு சொல்லப்படுவதில்லை.

இடத்தைப் பற்றியும் நகரம் யோசித்தது. தெற்கு பிராங்க்ஸில் பழைய டயர் தொழிற்சாலை ஒன்றில் ஹோஸ்டோஸ் சமுதாயக் கல்லூரி 1970-இல் வகுப்புகளைத் தொடங்கி, ஸ்பானிஷ் மொழியிலும் பாடம் நடத்தியது. புரூக்ளினின் பெட்ஃபோர்டு-ஸ்டைவசன்ட் மக்கள் தங்கள் பகுதிக்கொரு கல்லூரி கேட்டுப் போராடினர். 1963-இல் மிசிசிப்பியில் சுட்டுக் கொல்லப்பட்ட குடிமை உரிமைப் போராளி மெட்கர் எவர்ஸின் பெயரில் கல்லூரி கிடைத்தது. பகலில் வேலை, மாலையில் குழந்தை என்று வாழ்பவருக்கு வீட்டருகே வகுப்பறை இருப்பது வசதி சார்ந்த விஷயம் அல்ல. படிப்பா இல்லையா என்பதையே அது தீர்மானிக்கிறது.

வகுப்பறைக்குள் என்ன நடந்தது என்பது தனிக் கதை. சிட்டி காலேஜில் அடிப்படை எழுத்துப் பயிற்சியை நடத்தியவர் மைனா ஷானஸி. ஏட்ரியன் ரிச், ஆட்ரி லார்ட், ஜூன் ஜோர்டன், டோனி கேட் பம்பாரா போன்ற எழுத்தாளர்கள் அங்கே புதிய மாணவர்களுக்குப் பாடம் எடுத்தனர். முதலாண்டு மாணவர்கள் எழுதிய சுமார் 4,000 கட்டுரைகளை ஆராய்ந்து 1977-இல் ஷானஸி ஒரு நூல் வெளியிட்டார். அந்தக் கட்டுரைகளின் பிழைகளில் அவர் கண்டது மந்தத்தை அல்ல, ஒழுங்கை. மாணவர் ஏதோ ஒரு விதியைத் தமக்குள் வகுத்துக்கொண்டு அதைப் பின்பற்றுகிறார். விதி தவறாக இருக்கலாம், சிந்தனை இல்லாமல் இல்லை. அந்த விதியைக் கண்டுபிடிப்பது ஆசிரியரின் வேலை என்றார். 'இவர்களுக்குப் படிப்பு வராது' என்ற தீர்ப்புக்குக் கல்விப்புலம் தந்த மிக வலுவான மறுப்புகளில் இது ஒன்று.

அந்தத் தீர்ப்பை உரக்கச் சொன்னவர்கள் பலர். துணை அதிபர் ஸ்பைரோ ஆக்னியூ 1970-லேயே திறந்த சேர்க்கையைத் தாக்கினார். தரம் வீழ்ந்தது, பாதியில் நின்றவர்களே அதிகம் என்ற குற்றச்சாட்டு பின்வந்த பத்தாண்டுகளிலும் ஓயவில்லை. பலர் இடையில் நின்றது உண்மைதான். ஆனால் அதே காலத்தில் நகரம் செய்ததையும் சேர்த்தே பார்க்க வேண்டும். வாடகைக் கட்டடங்களில் நெரிசலாக வகுப்புகள் நடந்தன. 1976-இல் நகரம் நிதி நெருக்கடியில் சிக்கியிருந்தபோது பல்கலைக்கழகமே இரண்டு வாரம் மூடப்பட்டது. இளம் ஆசிரியர்கள் பெருமளவில் வேலை இழந்தனர். மெட்கர் எவர்ஸ் கல்லூரி நான்காண்டுத் தகுதியை இழந்து சமுதாயக் கல்லூரியாகக் குறைக்கப்பட்டது. இழந்ததை மீட்க அதற்கு 1994 வரை ஆயிற்று. ஹோஸ்டோஸை வேறொரு கல்லூரியோடு இணைக்கும் திட்டத்தை அதன் மாணவர்களும் ஆசிரியர்களும் கட்டடத்தைக் கைப்பற்றிப் போராடி முறியடித்தனர்.

இவை எல்லாவற்றிலும் பெரிய அடி, 129 ஆண்டு இலவசக் கல்வி முடிவுக்கு வந்தது. 1930-களின் பெருமந்தத்திலும் வசூலிக்கப்படாத கட்டணம், ஹார்லெமும் பிராங்க்ஸும் உள்ளே வந்த ஆறே ஆண்டுகளில் வசூலிக்கப்பட்டது. மாநில உதவித்தொகை இருந்ததே என்பார்கள். அது முழுநேர மாணவர்களுக்கு மட்டும்; வேலைக்குப் போய்க்கொண்டே பகுதிநேரமாகப் படித்தவர்களுக்கு இல்லை. வாசலைத் திறந்துவிட்டு உள்ளே இருந்த வளங்களை எடுத்துக்கொண்ட பிறகு, தோல்வியின் பொறுப்பை மாணவர் தலையில் சுமத்துவது நியாயமான மதிப்பீடு ஆகாது.

மதிப்பீட்டின் கால அளவிலும் கோளாறு இருந்தது. நான்காண்டுப் படிப்பை நான்கைந்து ஆண்டுக்குள் முடிக்காதவரைத் தோற்றவர் என்று கணக்கெழுதுவது, குடும்பப் பணத்தில் முழுநேரம் படிப்பவருக்காக உருவான வழக்கம். பால் அட்டேவெல், டேவிட் லாவின் இருவரும் 1970-க்கும் 1972-க்கும் இடையே சேர்ந்த ஏறத்தாழ 2,000 பெண்களைச் சுமார் 30 ஆண்டுகளுக்குப் பிறகு தேடிப் பிடித்து ஆராய்ந்தனர். முடிவுகள் 2007-இல் 'பாஸிங் தி டார்ச்' என்ற நூலாக வந்தன. அந்தப் பெண்களில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் ஏதேனும் ஒரு பட்டம் பெற்றிருந்தனர். கணிசமானோர் அதற்குப் பத்தாண்டுக்கும் அதிகமாக எடுத்துக்கொண்டனர்: திருமணம், பிள்ளைப்பேறு, வேலை, மீண்டும் கல்லூரி. அவர்களுடைய குழந்தைகளின் படிப்பிலும் அதன் பலன் தெரிந்தது. 1976-இல் 'இடைநின்றவர்' என்று பதிவான பெண்ணே இக்கணக்கில் பட்டதாரித் தாயாக நிற்கிறார்.

1999-இல் நான்காண்டுக் கல்லூரிகளில் அடிப்படைத் திறன் வகுப்புகளை நிறுத்த முடிவெடுக்கப்பட்டது. அந்தத் தேவை உள்ளவர்கள் சமுதாயக் கல்லூரிகளுக்கு அனுப்பப்பட்டனர். அங்கேதான் 2007-இல் 'ஏசாப்' திட்டம் பிறந்தது. கட்டணத்தில் துண்டு விழுந்தால் நிரப்புவது, பாடநூலுக்கு உதவி, பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் அட்டை, மாணவரைப் பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்குத் தெரிந்த ஆலோசகர். அன்று வழக்கமாக ஓர் ஆலோசகரிடம் 600-க்கும் மேற்பட்ட மாணவர்கள் இருந்தனர். இத்திட்டத்தில் தொடக்க ஆண்டுகளில் 60 முதல் 80 பேரே இருந்தனர். குலுக்கல் முறையில் மாணவர்களைப் பிரித்து நடத்திய ஆய்வில், திட்டத்தில் இருந்தவர்களில் 40 சதவீதத்தினர் மூன்றாண்டில் முடித்தனர். மற்ற குழுவில் 22 சதவீதத்தினரே. தலைக்குச் செலவு கூடியது, ஒரு பட்டத்துக்கான செலவோ குறைந்தது. திறந்த சேர்க்கையில் இல்லாமல் போனது தரமல்ல, துணை என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன.

ஆனாலும் இத்திட்டத்தில் சேர முழுநேர மாணவராக இருக்க வேண்டும். அட்டேவெலும் லாவினும் கண்ட பெண்களில், பிள்ளை வளர்த்து, வேலை பார்த்து, பருவத்துக்கு ஒன்றிரண்டு பாடமாகப் படித்துப் பட்டம் வாங்கியவருக்கு இதில் இடமில்லை. புறக்கணிக்கப்பட்ட நகரப் பகுதிகளுக்குப் பொதுப் பல்கலைக்கழகத்தைக் கொண்டுபோக நினைக்கும் எந்த அரசும் உதவித்தொகையையும் ஆலோசகரையும் பயண அட்டையையும் முதலில் நீட்ட வேண்டியது பகுதிநேர மாணவருக்கு. 1976-இலும் 2007-இலும் விதிகள் வெளியே விட்டது அவரைத்தான்.