கலயத்துக்குள் ஒரு விரல் சுண்ணாம்பு

போன வாரம் உடன்குடியிலிருந்து வந்த உறவினர் ஒருவர் இரண்டு கிலோ கருப்பட்டி கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் காலையில் அதை உடைத்துப் போட்டுக் காப்பி வைத்த என் மருமகள், பாத்திரத்தின் அடியில் வெளுப்பாகக் கொஞ்சம் தங்கியிருந்ததைக் காட்டி, "மாமா, இதுல மண்ணு கலந்திருக்கு" என்றாள். "மண்ணு இல்லம்மா, சுண்ணாம்பு" என்றேன். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. தின்கிற பண்டத்தில் எதற்குச் சுண்ணாம்பு என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். பதில் சொல்லப் புகுந்தால் நூறு வருஷத்துக் கதை.

எங்கள் ஊர் உடன்குடிக்கும் திசையன்விளைக்கும் இடைப்பட்ட தேரிப் பக்கம். செம்மணலும் பனையும்தான் எங்களுக்கு. மாசியில் பாளை வரத் தொடங்கும். பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதமும் நல்ல சுரப்பு. ஆடிக் காற்று வந்தால் மெல்ல அடங்கும். அந்தக் காலம் முழுவதும் பனையேறிக் குடும்பங்கள் ஊர் வீட்டைப் பூட்டிவிட்டுப் பனங்காட்டுக்கே குடி போய்விடும். ஓலையால் கட்டிய குடிசைக்கு விடிலி என்று பெயர். சமையல், படுக்கை, பதநீர் காய்ச்சுவது எல்லாம் அங்கேதான்.

அய்யா 40 பனை ஏறுவார். விடியுமுன் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. பாளையைக் கடிப்பால் நசுக்கிப் பதப்படுத்த வேண்டும். ஆண் பனைக்கு ஒரு கடிப்பு, பெண் பனைக்கு வேறு கடிப்பு. பிறகு தினமும் நுனியை மெல்லிசாகச் சீவிவிட்டால்தான் சொட்டும். ஒருநாள் விட்டாலும் பாளை அடைத்துக்கொள்ளும். அதனால் சீசனில் பனையேறிக்குக் காய்ச்சல் கூட வரக்கூடாது.

காய்ச்சுவது பெண்கள் பாடு. ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏறத்தாழ 8 முதல் 10 லிட்டர் பதநீர் வேண்டும். அவ்வளவு தண்ணீரையும் அடுப்பில் வற்றவைத்தாக வேண்டும். சித்திரை வெயிலில், ஓலைக் குடிசைக்குள், காவோலையும் மட்டையும் தள்ளித் தள்ளி எரித்து, அம்மா மணிக்கணக்காக நிற்பாள். பொங்கி வரும்போது ஆமணக்கு முத்தை நசுக்கிப் போட்டால் அடங்கும். கொஞ்சம் இறுகியதும் கூப்பனி. எங்களுக்கு ஒரு சிரட்டையில் ஊற்றித் தருவாள். இன்னும் இறுகிப் பாகு பதம் வந்ததும் இறக்கித் துடுப்பால் கிண்டி, வரிசையாக வைத்த சிரட்டைகளில் ஊற்றுவாள். ஆறினால் கருப்பட்டி.

இதில் எனக்கும் ஒரு வேலை இருந்தது. கலயத்துக்குச் சுண்ணாம்பு பூசுவது.

பனையிலிருந்து சொட்டும்போது அந்தச் சாறு பதநீரும் இல்லை, கள்ளும் இல்லை. அப்படியே விட்டால் காற்றில் உள்ள நொதி பட்டு, சில மணி நேரத்தில் நுரைத்துப் புளித்துக் கள்ளாகிவிடும். கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவியிருந்தால் புளிக்காது. அது பதநீர். எங்கள் பக்கம் கடற்கரைச் சிப்பியைச் சுட்ட சுண்ணாம்பு. அளவு முக்கியம். கூடினால் கருப்பட்டி காறும். குறைந்தால் சாறு புளிக்கும், புளித்த சாற்றைக் காய்ச்சினால் எத்தனை நேரம் கிண்டினாலும் இறுகாமல் இளகியே கிடக்கும். "ஏல, கலயத்துக்குள்ள கைய விட்டு முழுக்கத் தடவினியா?" என்று ஆச்சி தினமும் கேட்பாள்.

சுண்ணாம்புக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அது அப்போது எனக்குத் தெரியாது.

1886ஆம் வருஷத்துச் சென்னை ஆப்காரிச் சட்டம், பனை, தென்னை, ஈச்ச மரங்களின் சாற்றைப் புளித்தாலும் புளிக்காவிட்டாலும் கள் என்றே வரையறுத்தது. ஆக, கருப்பட்டிக்குச் சாறு இறக்குபவனும் சட்டத்தின் கண்ணில் கள் இறக்குபவன்தான். சுண்ணாம்பு பூசிய கலயத்தில் இறக்கும் இனிப்புச் சாறு என்று விலக்குக் கொடுத்தால்தான் அவன் தப்பலாம். 1937 அக்டோபர் 1ஆம் தேதி ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. 1948க்குள் அது மாகாணம் முழுவதும் பரவியது. கள் இறக்கிப் பிழைத்தவர்கள் என்ன செய்வது என்ற கேள்விக்குக் காந்தியடிகள் சொன்ன விடை, சாற்றை வெல்லமாகக் காய்ச்சுங்கள் என்பதுதான். குடியும் ஒழியும், ஏழைக்குப் பிழைப்பும் கிடைக்கும் என்று அவர் நம்பினார். அந்த நினைப்பில்தான் பனைவெல்லக் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன. பதநீர் இறக்க லைசென்சும் வந்தது. லைசென்சு என்றால் சோதனையும் உண்டு. கலயத்தில் வெள்ளை தெரிகிறதா, மூக்குக்குப் புளிப்பு அடிக்கிறதா என்பதுதான் சோதனை. அதாவது, பனையேறி நேர்மையானவன் என்பதற்கு அவன் கையில் இருந்த ஒரே சாட்சி அந்தச் சுண்ணாம்புதான்.

1962 சித்திரை. எனக்கு ஒன்பது வயது. ஒருநாள் மாலை பனங்காய் வண்டி ஓட்டுகிற அவசரத்தில், கடைசியாக இருந்த ஐந்தாறு கலயங்களுக்கு விளிம்பில் மட்டும் வெள்ளை தெரிகிற மாதிரி ஒரு விரல் இழுத்துவிட்டு ஓடிவிட்டேன். அய்யா இருட்டுகிற நேரத்தில் எடுத்துக்கொண்டு ஏறிவிட்டார், பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் கலயங்களை இறக்கி வரிசையாக வைத்திருந்தபோது சோதனைக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒவ்வொன்றாக மோந்து பார்த்தார்கள். என் கலயங்கள் நுரைத்திருந்தன. அய்யா தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்து, சட்டியில் இருந்த சுண்ணாம்பைக் காட்டினாள். கேட்கவில்லை. புளித்ததை மட்டும் அல்ல, வரிசையில் இருந்த அத்தனை கலயங்களையும் உடைத்துவிட்டுப் போனார்கள். தேரி மணல் எல்லாவற்றையும் ஒரு நொடியில் குடித்துவிட்டது. லைசென்சைத் திரும்பப் பெற அய்யா பத்து நாள் அலைந்தார். அதற்குள் பாளைகள் பாதி அடைத்துவிட்டன. அந்த வருஷம் பனைக்காரருக்குக் குத்தகைக் கருப்பட்டி அளக்கவே கடன் வாங்க வேண்டியதாயிற்று.

உடைந்த ஓடுகளைப் பொறுக்கும்போது அய்யா ஒன்றை எடுத்து உள்பக்கம் விரலால் தடவிப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அடிக்கவில்லை, திட்டவில்லை. அடுத்த சீசனுக்கு என்னை விடிலிக்குக் கூட்டிப் போகாமல் ஆச்சியோடு ஊரில் விட்டுவிட்டார். சுண்ணாம்பு பூசத் தங்கச்சி போனாள். நான் படித்தேன், உத்தியோகம் பார்த்தேன். அவள் ஐந்தாம் வகுப்போடு நின்றாள். அய்யா இருந்தவரை அதைப் பற்றி நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை.

பிற்பாடு சட்டம் பலமுறை மாறியது. 1971இல் மதுவிலக்குத் தளர்ந்தது, 1974இல் திரும்ப வந்தது, 1981இல் மறுபடி தளர்ந்தது, 1987 ஜனவரி 1 முதல் கள் இறக்கவே தடை. ஒவ்வொரு முறையும் பனையேறி மட்டும் சந்தேகத்துக்கு உரியவனாகவே இருந்தான். அவன் பிள்ளைகள் பனையை விட்டு இறங்கியதற்கு உயிர்ப்பயமும் கூலியும் காரணம்தான். இந்தச் சந்தேகமும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். ஏற ஆளில்லாத பனைகள் செங்கல் சூளைக்குப் போயின.

இப்போது பனையை வெட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்கிறார்கள். 2023இல் உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. சந்தோஷம். ஆனால் கடையில் கிடைப்பதில் சீனிப்பாகு கலந்ததுதான் அதிகம். அதில் அடியில் வெளுப்பு தங்காது, பார்க்க நன்றாகவே இருக்கும்.

இதையெல்லாம் மருமகளிடம் சொல்லவில்லை. "காப்பியக் கொஞ்சம் தெளியவச்சு ஊத்தும்மா, சுண்ணாம்பு அடியிலேயே நின்னுரும்" என்று மட்டும் சொன்னேன். அன்று ராத்திரி தங்கச்சிக்குப் போன் போட்டேன். கருப்பட்டி வந்திருக்கிறது, பாதி உனக்கு என்றேன். "அந்தக் கலயத்த இன்னுமா நெனச்சிட்டிருக்க அண்ணே?" என்று கேட்டுச் சிரித்தாள். கலயத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.