பாசிக்காரர் போட்ட புல்தரை

பெரியபாளையத்தில் எங்கள் வீட்டு முன்னால் ஒரு சென்ட் அளவுக்குப் புல்தரை இருக்கிறது. ஐப்பசி மழை பிடித்தால் அதில் பாதி வழுக்கும் பாசியாகிவிடும். நர்சரிக்காரர் சொன்னபடி அன்னபேதியைக் கரைத்துத் தெளித்தேன். பாசி கருகியது. அடுத்த மழைக்கு அதே இடத்தில் திரும்பி வந்தது. எரர் மெசேஜை அழிச்சா பக் போயிடுமா என்ன?

பக்கத்து வீட்டுப் பெரியவர்தான் விஷயத்தைச் சொன்னார். “தம்பி, இது நெல்லு வெளஞ்ச நெலம். தண்ணி நிக்கணும்னே வருசா வருசம் சேறடிச்ச மண்ணு. நீ வீடு கட்டிட்டன்னு அது மறந்துடுமா?”

சேற்றுழவு மண்ணின் இடைவெளிகளை அடைத்துவிடும். உழவு ஆழத்துக்குக் கீழே இறுகிய அடுக்கு ஒன்று உருவாகி, நீரை இறங்கவிடாது. நெல்லுக்கு அது வரம். புல்லுக்கோ வேரில் காற்று நின்றுபோகும். உண்மையான வேரே இல்லாத பாசிக்கு அந்தக் கவலை கிடையாது. பாசி புல்லைக் கொல்வதில்லை, புல் தோற்ற இடத்தில் குடியேறுகிறது.

தமிழ்நாட்டில் இதே சண்டையைப் பெரிய அளவில் போட்டவர் வில்லியம் கிரஹாம் மெக்ஐவர். 1848இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து ஊட்டிக்கு வந்தவர். தொட்டபெட்டா சரிவில் அவருக்குக் கிடைத்த இடத்தின் மேல்பாதி காடு, கீழ்ப்பாதி சதுப்பு, குறுக்கே ஆழமான பள்ளங்கள். அதைத் திருத்தித் தாவரவியல் பூங்காவாக்க அவருக்குச் சுமார் 10 ஆண்டுகள் ஆயின. மலர்க் கண்காட்சிக்குப் போய் நாம் செல்ஃபி எடுக்கும் புல்வெளியின் பூர்வகதை இதுதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மெக்ஐவர் ஈரத்தின் எதிரி அல்ல. ஊட்டிக்கு வருவதற்கு முந்தைய ஆண்டுதான், பாசியின் நெருங்கிய உறவான லிவர்வோர்ட் செடிகளை உலர்த்தித் தொகுத்து வெளியிட்டிருந்தார். பின்னர் 1860களில் நீலகிரியில் சின்கோனா வளர்த்தபோது, மரத்தின் பட்டையைக் கீற்றுக் கீற்றாக உரித்து, காயத்தைப் பாசியால் மூடிக் கட்டினார். பட்டை மறுபடி வளர்ந்தது, குவினைனும் கூடியது. மரத்தை வெட்டாமல் மலேரியா மருந்து எடுக்கும் வழி அது. ஒரு கையால் சதுப்பை வடித்தவர், இன்னொரு கையால் பாசியை மருந்துத் துணியாக்கினார்.

ஆனால் நீலகிரியின் பள்ளத்தாக்குச் சதுப்புகள் வீண் நிலமல்ல. மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு, மழையில்லாத மாதங்களில் ஓடைகளுக்கு மெதுவாக விடுபவை. தோடர்களின் எருமைகள் மேய்ந்த மலை அது. பூங்காவின் மேல்பகுதியில் அவர்களுடைய மந்து ஒன்று இன்றும் இருக்கிறது. புல்வெளியைப் பார்க்கப் போகிறவர்களில் எத்தனை பேர் அதுவரை ஏறுகிறோம்?

இதையெல்லாம் படித்த பிறகு கடப்பாரையை எடுத்தேன். மேட்டுப் பக்கத்தில் நெருக்கமாகக் குழிபோட்டு மணல் நிரப்பினேன். சரிவில் ஒரு வாய்க்காலும் வெட்டியாச்சு. வாய்க்கால் வாசலைத் தொட்டபோதுதான் அடுத்த கேள்வி வந்தது: இந்தத் தண்ணி எங்கே போகும்? தெருவுக்கு விட்டால் பெரியவர் வீட்டு வாசலில்தான் நிற்கும்.

அங்கேயே நிறுத்திவிட்டேன். வாய்க்காலைத் திருப்பி, தாழ்ந்த மூலையில் முடித்தேன். அங்கே கல்வாழை வைத்திருக்கிறேன். மேட்டில் இப்போது புல் பிடித்திருக்கிறது. மூலையில் பாசி அப்படியேதான் இருக்கு. இருக்கட்டும், அது வயல்தானே.