17 வருடம் கழித்து ஒரு ஆல்பம்: இண்டஸ் க்ரீட்டின் 'இவால்வ்'

வயதான ராக் குழு ஒன்று புது ஆல்பம் வெளியிட்டால், நம்மில் பலர் முதலில் கேட்பது "இன்னுமா இவங்க வாசிக்கிறாங்க?" என்றுதான். அடுத்த கேள்வி, "பழைய பாட்டு மாதிரி இருக்கா?" இரண்டாவது கேள்விக்கு "இல்லை" என்று பதில் வந்தால் பெரும்பாலானோர் அந்த ஆல்பத்தைத் தொடக்கூட மாட்டார்கள். அப்படி 'இல்லை' என்று பதில் வரும் ஒரு ஆல்பத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு. பெயர் 'இவால்வ்'. வந்த வருடம் 2012. குழுவின் பெயர் இண்டஸ் க்ரீட். ஊர் மும்பை.

காரைக்காலில் உட்கார்ந்துகொண்டு மும்பை ராக் குழுவைப் பற்றி எதற்கு என்று கேட்கலாம். நம் ஊரில் மாங்கனித் திருவிழா உண்டு, நாதஸ்வரம் உண்டு, பண்பலை வானொலியில் திரைப்பாடல் உண்டு. ஹார்ட் ராக் கச்சேரி கிடையாது. ஆனால் கல்லூரி ஆண்டு விழாவுக்காக நான்கு பேர் சேர்ந்து குழு ஆரம்பிப்பதும், கடைசி வருடத் தேர்வு முடிந்ததும் கிட்டார் பரண்மேல் போய்விடுவதும் எல்லா ஊருக்கும் பொது. இந்தக் குழுவின் வரலாறு அந்தப் பரண் சம்பந்தப்பட்டது. அதனால் நமக்கும் சம்பந்தம் உண்டு.

கொஞ்சம் பின்னால் போவோம்.

இந்தியாவில் ராக் இசை 1960-களிலேயே வந்துவிட்டது. ஒரு சிகரெட் கம்பெனி நடத்திய 'சிம்லா பீட்' போட்டிகளின் பாடல்கள் 1970-இலும் 1971-இலும் இசைத்தட்டாகவே வந்தன. ஆனால் வெகுகாலம் வரை இந்திய ராக் குழு என்றால் வெளிநாட்டுப் பாடல்களை அப்படியே திருப்பி வாசிக்கும் குழு என்றுதான் அர்த்தம். கூட்டம் கேட்டதும் அதைத்தான். சொந்தப் பாட்டு ஆரம்பித்தால் டீ குடிக்கப் போய்விடுவார்கள்!

1984-இல் பம்பாயில் 'ராக் மெஷின்' என்ற குழு தொடங்கியது. இதுவும் மற்றவர்கள் பாட்டில் ஆரம்பித்த குழுதான். ஆனால் 1988-இல் 'ராக் அண்ட் ரோல் ரெனிகேட்' என்ற ஆல்பத்தை முழுக்கச் சொந்தப் பாடல்களோடு வெளியிட்டது. இந்தியாவில் அப்படி வந்த முதல் சில ராக் ஆல்பங்களில் அது ஒன்று. 1990-இல் 'தி செகண்ட் கமிங்' வந்தது. நீண்ட முடி, உச்சஸ்தாயியில் குரல், வேகமான கிட்டார் தனி ஆவர்த்தனம்.. 80-களின் அமெரிக்க ஹார்ட் ராக்கின் சாயல் நன்றாகவே தெரியும். ஆனாலும் பாட்டு அவர்களுடையது.

1991-க்குப் பிறகு ஸ்டார் டிவி வழியாக எம்டிவி நம் நாட்டு வீடுகளுக்குள் வந்தது. 1993-இல் குழு தன் பெயரை 'இண்டஸ் க்ரீட்' என்று மாற்றிக்கொண்டது. இண்டஸ் என்றால் சிந்து. ராக் மெஷின் என்ற பெயர் எந்த நாட்டுக் குழுவுக்கும் பொருந்தும். புதுப் பெயரில் சொந்த மண் தெரிந்தது. அதே வருடம் 'ப்ரெட்டி சைல்ட்' பாடலின் வீடியோவுக்கு எம்டிவி ஆசியாவின் ரசிகர் தேர்வு விருது கிடைத்தது. 1995-இல் குழுவின் பெயரிலேயே ஒரு ஆல்பம்.

இதற்குமேல் ஏறுமுகம்தான் என்று நினைக்கத் தோன்றும். நடந்தது வேறு. 1994-இல் சேனல் வி வந்தது, 1996-இல் எம்டிவி இந்தியா வந்தது. போட்டியில் ஜெயிக்க இரண்டு சேனல்களும் இந்திப் பாட்டுக்கும் இந்தி பாப்புக்கும் திரும்பின. ஆங்கிலத்தில் பாடும் இந்திய ராக் குழுவைப் பரவலாகக் காட்டிய கதவு மெதுவாக மூடியது. நம்மைப் போன்ற நாட்டில் சினிமாவுக்கு வெளியே இசை செய்பவருக்கு அந்த ஒரு கதவு மூடினால் வேறு கதவுகள் அதிகம் கிடையாது. 1997-இல் குழு கலைந்தது. பாடகர் உதய் பெனகலும் கிட்டார் கலைஞர் ஜயேஷ் காந்தியும் நியூயார்க் போய் 'ஆம்ஸ் ஃபார் சாந்தி' என்ற வேறு குழுவை நடத்தினார்கள். கிட்டார் பரண்மேல் போகவில்லை, ஆனால் இண்டஸ் க்ரீட் போய்விட்டது.

2010-இல் குழு திரும்ப ஒன்று சேர்ந்தது. பழைய ஆட்களில் மூன்று பேர்: உதய் பெனகல், கிட்டார் மகேஷ் தினாய்கர், கீபோர்டு ஜூபின் பாலாபோரியா. இவர்களோடு அடுத்த தலைமுறையிலிருந்து இரண்டு பேர்: பேஸ் கிட்டார் ருஷாத் மிஸ்திரி, டிரம்ஸ் ஜெய் ராவ் கவி.

இங்கேதான் முக்கியமான விஷயம். திரும்பச் சேரும் பழைய குழுவுக்கு ஒரு சுலபமான வழி எப்போதும் உண்டு. பழைய ஹிட் பாடல்களை வாசித்தால் போதும், கல்லூரி நாட்களை நினைத்துக்கொண்டு கூட்டம் வரும், கண்ணீரும் வரும், காசும் வரும். புது ஆல்பம் என்பது செலவு, அதைவிடப் பெரிய ஆபத்து. "அந்தக் காலத்தில் எப்படி இருந்தார்கள்" என்று எல்லோரும் ஒப்பிடுவார்கள்.

உலகப் பெருங்குழுக்களும் இந்த இடத்தில் தடுமாறியிருக்கின்றன. டீப் பர்ப்பிள் 1976-இல் உடைந்து, 1984-இல் பழைய ஐந்து பேரோடு 'பெர்ஃபெக்ட் ஸ்ட்ரேஞ்சர்ஸ்' ஆல்பத்தில் கம்பீரமாகத் திரும்பியது. கன்ஸ் அண்ட் ரோஸஸ் 1993-க்குப் பிறகு அடுத்த ஆல்பத்தை 2008-இல்தான் தந்தது. அந்த 'சைனீஸ் டெமாக்ரஸி' எதிர்பார்ப்பின் பாரத்திலேயே பாதி அமுங்கிப்போனது. அதே 2008-இல் ஏசி/டிசி 'ப்ளாக் ஐஸ்' வெளியிட்டு, தன் பழைய பாணியை ஒரு அங்குலம்கூட மாற்றாமல் பல நாடுகளில் முதலிடம் பிடித்தது. ஆனால் இவர்கள் எல்லோருக்கும் பின்னால் பெரிய கம்பெனியும் கோடிக்கணக்கான ரசிகர்களும் இருந்தார்கள். இண்டஸ் க்ரீட்டுக்கு அந்த மெத்தை கிடையாது. 1995-க்கும் 2012-க்கும் நடுவே 17 வருட இடைவெளி. அவர்கள் நிறுத்தியபோது கேட்டவர்கள் கேசட்டில் கேட்டார்கள். திரும்பி வந்தபோது பாட்டு செல்போனில் இருந்தது.

அப்படியிருந்தும் 'இவால்வ்' ஆல்பத்தில் எட்டுப் பாடல்கள், எட்டும் புதியவை. பழைய ஹிட் ஒன்றைக்கூடத் திரும்பப் பதிவு செய்து ஒட்டவில்லை. ஒலிக்கலவை செய்தவர் டிம் பாமர். பேர்ல் ஜாம் குழுவின் 'டென்' (1991) ஆல்பத்துக்கு ஒலிக்கலவை செய்தவர் இவர்தான். 'ஃபயர்ஃப்ளைஸ்', 'டிஸால்வ்' போன்ற பாடல்களைக் கேட்டால் 1988-இன் குழுவா இது என்று தோன்றும். பாடல்கள் நிதானமாக விரிகின்றன. கனமாக இருக்கின்றன, ஆனால் அவசரம் இல்லை. கிட்டார் தன் திறமையைக் காட்டுவதைவிடப் பாட்டுக்கு உழைக்கிறது. கீபோர்டு பின்னால் ஒளியாமல் பாட்டைக் கட்டி நிறுத்துகிறது. இளைய ஆட்கள் இருவரும் அடித்தளத்தை இறுக்கிப் பிடிக்கிறார்கள். இளமையை நடிக்கும் முயற்சி எங்கும் இல்லை. எனக்கு இந்த ஆல்பத்தில் பிடித்ததே அதுதான்.

நம் ஊர்க்காரர்களுக்கு இந்த இடத்தில் ஒரு கதை ஞாபகம் வரும். காரைக்கால் அம்மையார் தன் அழகிய உடம்பை உதறிவிட்டுப் பேயுருவம் கேட்டு வாங்கிக்கொண்ட பிறகுதான் அற்புதத் திருவந்தாதி பாடினார் என்கிறது பெரியபுராணம். பக்தியையும் ராக்கையும் நான் ஒப்பிடவில்லை, அடிக்க வராதீர்கள் :-) ஆனால் ஊர் மெச்சிய உருவத்தைத் தானே விட்டுக்கொடுத்த பின்னும் பாட்டு வரும், அப்போது வருவது வேறுவிதமான பாட்டு என்பதை நம் ஊருக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

'இவால்வ்' உலகத்தைப் புரட்டவில்லை. இந்தியாவில் ஆங்கில ராக் அதன்பிறகு வீட்டுக்கு வீடு ஒலிக்கவும் இல்லை. ஆனால் ஒரு விஷயம் நடந்தது. இந்திய ராக் என்றாலே கல்லூரிப் பையன்களின் மூன்று வருட ஆசை என்றிருந்த நிலையில், முதல் ஆல்பம் போட்டு 24 வருடம் கழித்தும் ஒரு குழு புதுப் பாட்டு எழுதி, இது எங்கள் இப்போதைய வயதின் பாட்டு என்று முன்னால் வைத்தது. மேற்கில் ராக் குழுக்களுக்கு வயதாவது சாதாரணம். இங்கே ஒரு ராக் குழுவுக்கு வயதாவதே சாதனை. அதற்கு முதலில் உடையாமல் இருக்க வேண்டும், அல்லது உடைந்தபின் ஒட்ட வேண்டும்.

ஆண்டு விழா முடிந்து கிட்டாரைப் பரண்மேல் ஏற்றப்போகும் நண்பர்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ஏற்றுங்கள், தப்பில்லை. வேலை தேட வேண்டும், வீட்டைப் பார்க்க வேண்டும். ஆனால் உறை போட்டு ஏற்றுங்கள். 17 வருடம் கழித்து இறக்கும்போது பழைய பாட்டையே வாசிக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.