இடுப்புக் குழியின் திசை

நடை பழகும் பிள்ளை விந்தி நடப்பதற்கு, தொடையெலும்பின் தலை இடுப்புக் குழியினின்று பிறவியிலேயே விலகியிருத்தலும் ஒரு காரணமாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வியன்னா வைத்தியர் அடொல்ப் லோரென்ஸ், கத்தியின்றிக் கையாலேயே எலும்பைக் குழியிற் சேர்த்துச் சாந்தினாற் கட்டிப் புகழ்பெற்றார். ஆயினும் சில பிள்ளைகளில் அது மீண்டும் விலகிற்று.

குழியின் ஆழக்குறைவே காரணமெனப் பலர் கருதினர். ரொறன்ரோச் சிறுவர் மருத்துவமனையின் றொபேட் சோல்ரரோ, குழி அளவுக்குமீறி முன்னும் வெளியுமாக நோக்குவதே குறையெனக் கண்டார். 1957ஆம் ஆண்டில் அவர் குழிக்கு மேலே எலும்பை அறுத்து, குழியைத் திருப்பி, அப்பிள்ளையின் இடுப்பெலும்பிலிருந்தே எடுத்த துண்டொன்றை ஆப்பாகச் செருகினார். எலும்பின் தலைக்கு அக்குழியே கூரையாயிற்று.

அச்சத்திரசிகிச்சை பெரிதும் ஆறு வயதுக்குட்பட்டோர்க்கே உரியது. பிறந்தவுடன் இடுப்பைச் சோதித்து அறிந்தாலோ, பெரும்பாலும் கத்தியே வேண்டுவதில்லை.