இங்கிலாந்துக் கால்வாய்களில் கோடைக்காலப் படகுப் பயணம்

நேரோபோட் எனப்படும், ஏழடிக்கும் சற்றுக் குறைந்த அகலமுள்ள நீண்ட படகில், மணிக்கு 4 மைல் வேக வரம்புக்குள் ஆங்கிலக் கால்வாய்களில் செல்லும் பயணம். வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு என்று இதை ஒதுக்குவது தவறு. கால்வாய்களை அழியாமல் காத்ததில் பெரும்பங்கு இதற்கே உரியது. 18ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் பிரிண்ட்லி போன்றோர் நிலக்கரியும் மண்பாண்டமும் ஏற்றிச்செல்ல அமைத்த இவ்வழிகளின் வணிகத்தை ரயிலும் லாரியும் பறித்துக்கொண்டன. 1962-63 கடுங்குளிரில் வாரக்கணக்கில் நீர் உறைந்துகிடந்தது. எஞ்சிய சரக்குத் தொழிலும் பெரும்பாலும் முடிந்தது. அதற்கு முன்பே எல்.டி.சி. ரோல்ட் 1944இல் வெளியிட்ட ‘நேரோ போட்’ நூலும், அவரும் ராபர்ட் ஐக்மேன் முதலியோரும் 1946இல் தொடங்கிய உள்நாட்டு நீர்வழிகள் சங்கமும் மக்களைத் திரட்டியிருந்தன. அதன் பயனாக, 1968ஆம் ஆண்டுப் போக்குவரத்துச் சட்டம் உல்லாசப் பயணத்துக்குரிய நீர்வழிகளைத் தனி வகையாகவே ஏற்றது.

நீர் குறையும் கோடையில்தான் படகுகள் மிகுகின்றன என்பது வலுவான மறுப்பு. மேடு ஏறி இறங்க உதவும் ‘லாக்’ என்ற மதகுத் தொட்டியை ஒருமுறை இயக்கினாலே ஏறத்தாழ ஒரு லட்சம் லிட்டர் கீழே போய்விடும். 2022, 2025 வறட்சிகளில் பல லாக்குகள் மூடப்பட்டன. ஆயினும் இது பயணத்தை ஒழுங்குபடுத்தவே காரணமாகும், ஒழிக்க அல்ல. அகலமான லாக்கில் இரு படகுகள் சேர்ந்து சென்றால் நீர்ச்செலவு பாதியாகும். படகே ஓடாத கால்வாயோ சேறும் களையும் மண்டித் தூர்ந்துபோகும். டிவைசஸ் நகருக்கருகே, 29 லாக்குகள் கொண்ட கேன் ஹில் பல ஆண்டுகள் அப்படித்தான் கிடந்தது. ஆர்வலர்களின் நெடிய உழைப்பால் அவ்வழி 1990இல் மீண்டும் திறக்கப்பட்டது.