கூதிர்ச் செலவு: திருப்பூரும் நீலமலையும்

தமிழிலக்கணம் மலைநிலத்திற்கு வகுத்த பெரும்பொழுது கூதிரும் முன்பனியும் ஆகும். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. குறிஞ்சி ஒழுக்கத்திற்கு வேண்டிய குளிரும் நெடிய இரவும் அம்மாதங்களிலேயே நிறைந்திருக்கும் எனப் பண்டையோர் கண்டனர். வேனிலைப் பாலைக்கு ஒதுக்கினர். அது பிரிவின் பருவம். இவ்வைப்பு முறையைத் தலைகீழாக்கியவர்கள் ஆங்கிலேயர். மலை என்றதும் கோடையை நினைக்கும் வழக்கம் தமிழகத்தில் இருநூறு ஆண்டுப் பழமை உடையதே. அவ்வழக்கத்திற்கு மாறாக, ஐப்பசி மழையில் மனைவி மக்களோடு மலையேறும் ஊர்களுள் ஒன்று திருப்பூர். அதற்குக் காரணம் இலக்கணப் பற்று அன்று, போனஸ்.

உதகமண்டலத்தின் வரலாற்றைக் கோவை மாவட்டத்தார் தம் வரலாறாகவே கருத இடமுண்டு. அம்மலை நகரை உருவாக்கிய ஜான் சலிவன் அன்றைய கோயம்புத்தூர் ஆட்சித் தலைவர். திருப்பூரும் அவர் ஆளுகைக்கு உட்பட்ட சிற்றூரே. அவர் நீலமலையை நோக்கி முதன்முதலில் பயணப்பட்டது 1819 சனவரியில், அதாவது முன்பனியில். மலைக்கு உரிய பருவத்திலேயே மலையேறிய சலிவன், தமக்குப் பின் வந்தோர் கோடையில் ஏறுவதற்கு வழி செய்தார் என்பது சுவையான முரண். 1822-இல் அவர் தொடங்கிய கல்வீடு தோடர் நிலத்தில் எழுந்தது. பின்னர் ஏரி அமைந்தது. 1848-இல் மெக்ஐவர் வந்து தாவரவியல் பூங்காவை வளர்த்தார். நோயுற்ற படைவீரர் உடல் தேறும் இடமாக இருந்த ஊர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாண அரசின் கோடைக்காலத் தலைநகர் ஆயிற்று. ஆளுநரும் செயலகமும் கோப்புக் கட்டுகளும் ஆண்டுதோறும் மலையேறின. அதனால் ஏற்பட்ட பொருட்செலவைக் கண்டித்துச் சென்னையில் குரல் எழுந்ததும் உண்டு. எனினும் அதிகாரம் உள்ளவன் வெயிலுக்கு ஒதுங்கும் இடம் மலை என்ற கருத்து மக்கள் மனத்தில் ஊன்றிவிட்டது. பின்னாளில் பள்ளிகளின் மே மாத விடுமுறை அதற்குத் துணை நின்றது.

தொடர்வண்டியின் வருகை தனியே நோக்கத்தக்கது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை மலைவண்டி 1899 சூன் 15-இல் ஓடத் தொடங்கியது. பற்சக்கரம் நடுத்தண்டவாளத்தின் பற்களைப் பற்றி ஏறும் அமைப்பு அது. குன்னூரிலிருந்து உதகை வரை இருப்புப்பாதை முழுமையுற்ற நாள் 1908 அக்டோபர் 15; ஐப்பசி பிறக்கும் தறுவாய். 46 கிலோமீட்டர் நீளத்தில் 16 குகைவழிகளும் 208 வளைவுகளும் கொண்ட அப்பாதையை 2005-இல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ அமைப்பு உலக மரபுச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. சென்னையிலிருந்து வரும் நீலகிரி விரைவு வண்டி விடியுமுன் திருப்பூரில் நின்று மேட்டுப்பாளையம் சேர்வதால், மலைவண்டியைப் பிடிப்பது திருப்பூரார்க்கு அரிதன்று. இடம் கிடைப்பதுதான் அரிது. பெரும்பாலோர் அவிநாசி, அன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் சென்று சாலையிலேயே ஏறுகின்றனர். மொத்தத் தொலைவு சுமார் 100 கிலோமீட்டர்.

இத்தனை அருகிலிருந்தும் கோடை அவ்வூர்க்கு ஏற்ற பருவமாக அமையவில்லை. 1920களில் சிறு அளவில் தொடங்கிய பின்னலாடைத் தொழில், உள்நாட்டு பனியன் வணிகமாகவே நெடுங்காலம் நடந்தது. கோடை பனியனுக்கு விற்பனைக் காலம். கடையைப் பூட்டிவிட்டுப் பூப்பார்க்கச் செல்ல எந்த முதலாளி ஒருப்படுவார்? 1980களில் ஏற்றுமதி பெருகியபின் நாட்காட்டியை மேலைநாட்டுக் கொள்முதலாளர் தீர்மானித்தனர். கப்பல் நாள் தவறினால் விமானத்தில் அனுப்ப நேரும். அதில் ஆதாயம் கரைந்துவிடும். ஆகவே ஊர் முழுவதும் ஒரே சமயத்தில் ஓய்வது தீபாவளியில் மட்டுமே என்றாயிற்று. ஆயுத பூசையில் இயந்திரங்களுக்குச் சந்தனம் இடுவார்கள். அது ஓரிரு நாள் ஓய்வு. தீபாவளிக்கோ கம்பெனிகள் ஒரு வாரமும் அதற்கு மேலும் கதவடைப்பது உண்டு.

சட்டத்தின் பங்கும் இதில் உண்டு. 1965-ஆம் ஆண்டு போனஸ் சட்டத்தின்படி, கணக்காண்டு முடிந்த எட்டு மாதத்திற்குள் போனஸ் வழங்கப்பட வேண்டியிருந்தது. மார்ச் 31-இல் கணக்கை முடிப்பவர்க்கு இறுதி நாள் நவம்பர் 30. தீபாவளி அதற்குமுன் வந்துவிடுகிறது; பண்டிகைக்கு முன் கையில் காசு வேண்டும் என்ற பழைய வழக்கமும் சட்டத்தின் கெடுவும் ஒன்றையொன்று தழுவிக்கொண்டன. இவ்வாறு பணமும் ஓய்வும் ஒருசேரக் கிடைக்கும் ஒரே வாரம் ஐப்பசியில் அமைந்தது. செலவு என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் பயணம் என்பது பொருள். இன்று அது பணத்தைக் குறிக்கும். திருப்பூர்க் குடும்பத்தின் தீபாவளிப் பயணத்தில் இரு பொருளும் குறைவறப் பொருந்தும்.

உதகையார் செப்டம்பர், அக்டோபர் மாதங்களை இரண்டாம் சீசன் என்பர். பூங்காவில் அதற்கெனத் தொட்டிச் செடிகளை அடுக்குவர். ஆயினும் தீபாவளிக்கு மேலேறும் குடும்பங்கள் பெரும்பாலும் கண்டு திரும்புவது பூவை அன்று, பனிமூட்டத்தை. தொட்டபெட்டாவில் நின்றால் பள்ளத்தாக்கு தெரியாது, பக்கத்தில் நிற்கும் பிள்ளை தெரிந்தால் போதும். பனியன் நகரத்தார் அங்கு லூதியானா கம்பளிச் சட்டைக்கு விலை பேசுவது மற்றொரு வேடிக்கை. உலகிற்கே உடுப்புத் தைப்பவர்க்குத் தம் பிள்ளைகளின் குளிருக்கு உடுப்பு இல்லை. பருத்திப் பின்னல் அதற்கு உதவாது. சுற்றுலா நூல்கள் இப்பருவத்தைத் தவிர்க்கச் சொல்லக்கூடும். நெடுநல்வாடையைக் கற்றவர் அவ்வாறு சொல்லார். மழைநீர்ப் பெருக்கை வெறுத்த கோவலர் நிரையுடன் மேட்டு நிலம் ஏறி, நெருப்பில் கைகாய்ந்து நடுங்கும் காட்சியோடு நக்கீரர் தொடங்கிய பாட்டு அது. விடுதி அறையில் ஒரே கம்பளிக்குள் முடங்கி, தேநீர்க் குவளையை இரு கையாலும் பற்றியிருக்கும் குடும்பம் உண்மையான கூதிரைக் காண்கிறது. ஆண்டு முழுவதும் ஷிப்ட் கணக்கில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத வீட்டார்க்கு, வெளியே செல்ல ஒட்டாத மழை ஒரு நன்மையும் செய்கிறது.

ஆனால் கூதிர் கொடியதும் ஆகும். வடகிழக்குப் பருவமழை நீலமலையின் கீழைச் சரிவைத் தாக்குவது; குன்னூரும் கோத்தகிரியும் பெருமழை பெறுவது அப்போதுதான். திருப்பூரார் ஏறும் பாதையும் அச்சரிவிலேயே உள்ளது. 1993 நவம்பரில், தீபாவளியை ஒட்டிய நாட்களில், பர்லியாற்றுக்கும் குன்னூருக்கும் இடையே மரப்பாலத்தில் மண்சரிந்து உயிர்களைக் கொண்டது. சாலையும் இருப்புப்பாதையும் அறுந்தன. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை பதிவாயிற்று, மலையெங்கும் நேர்ந்த சரிவுகளில் நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டு தீபாவளி அக்டோபர் 17-இலேயே கழிந்திருந்தது. மூன்று வாரம் பிந்தியிருந்தால் நேர்ந்திருக்கக்கூடியதை எண்ணவே அச்சம் தோன்றும். மாண்டவர் மலைவாழ் மக்கள். மழை முடிந்தபின் இறங்கிச் செல்ல அவர்களுக்கு வேறு ஊர் இல்லை. மலைக்கு வருவோர்க்குக் கூதிர் ஒரு வாரம், மலையில் இருப்போர்க்கு அது ஒரு பருவம்.

இப்பயணம் திருப்பூர் அனைத்தின் பயணமும் அன்று. மதுரை, தேனி, இராமநாதபுரம் முதலிய பகுதிகளிலிருந்து வந்து தைப்பவர்க்குத் தீபாவளிச் செலவு ஊர் திரும்புதலே. ஒடிசா, பீகார் தொழிலாளர்க்கு ஊர் இன்னும் தொலைவு. பலர் விடுதி அறையிலேயே தங்கிவிடுகின்றனர். உள்ளூர்க் கட்டிங் மாஸ்டரும் செக்கிங் வேலை செய்யும் பெண்ணும் மலையேறினால், விடியலில் பேருந்து ஏறி, ஏரியையும் பூங்காவையும் பார்த்து, அன்றிரவே வீடு சேர்வர். அவர்களும் பிள்ளைகளுக்கு வர்க்கியும் யூகலிப்டஸ் தைலமும் வாங்காமல் இறங்குவதில்லை. அடுத்த வாரம் கம்பெனிகள் திறக்கும். வெளியூர் சென்றவர் திரும்பும் வரை சில தையல் மேசைகள் காலியாகக் கிடக்கும். பின்னர் தை, மாசி வரை இரவும் வேலை நடக்கும். அம்மாதங்களில் தைக்கப்படுபவை ஐரோப்பியர் தம் கோடையில் உடுத்தும் சட்டைகள்.