வீட்டிற்குள் வந்த ஆடுகளம்

விளையாட்டைக் காண்பதற்குப் பொருள் கொடுத்தல் புதிய வழக்கம் அன்று. ஆடுகளத்தைச் சுற்றி மதில் எழுப்பிய நாளிலேயே வாயிற்கட்டணம் பிறந்துவிட்டது. மதிலுக்கு வெளியே மரத்தில் ஏறி ஆட்டம் பார்க்கும் சிறுவர் கூட்டமும் அன்றே பிறந்தது. ஆனால், தம் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து அமர்ந்திருப்பவரிடம் ஆட்டத்திற்கெனத் திங்கள்தோறும் கட்டணம் பெறும் முறை மிக அண்மைக் காலத்தது. கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் அது வேரூன்றிய வரலாறு ஏறத்தாழ முப்பது ஆண்டு வரலாறே. அதற்கு முன்னும் இவ்வட்டாரத்து வீடுகள் ஒலிபரப்புக்குப் பணம் கட்டியே வந்தன. முன்பு கட்டிய பணத்திற்கும் பின்பு கட்டிய பணத்திற்கும் பெயரளவில் வேறுபாடு சிறிது, பயனளவில் பெரிது.

1949-இல் சிங்கப்பூரில் கால்கொண்ட ரெடிஃபியூஷன் நிறுவனம் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் கம்பிவழி ஒலிபரப்பை நடத்தியது. சுவரில் ஒரு பெட்டி; பெட்டிக்கு ஒரு கம்பி; திங்கள்தோறும் ஒரு கட்டணம். அது நகரத்தார் பெற்ற இன்பம். கம்பி ஓடிய தெருவோடு அதன் எல்லை முடிந்தது.

தொலைக்காட்சி 1963 டிசம்பர் 28-ஆம் நாள் வந்தது. அதனைத் தொடங்கி வைத்தவர் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான். அவரே 1951 முதல் மலாயாக் காற்பந்துச் சங்கத்தின் தலைவராகவும், 1958 முதல் ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பின் தலைவராகவும் விளங்கியவர் என்பது ஈண்டு நினைக்கத் தக்கது. தொடக்கத்தில் படம் தெரிந்தது கோலாலம்பூரிலும் அதன் சுற்றுப்புறத்திலுமே. பெட்டி வைத்திருப்போர் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. அக்கட்டணம் ஆண்டுக்கு 24 வெள்ளி. திங்களுக்கு 2 வெள்ளி என்க. 1999-இல் அது நீக்கப்பட்டது. இக்கட்டணத்தின் இயல்பை உற்று நோக்குதல் வேண்டும். அது பெட்டிக்குரிய கட்டணமேயன்றி ஆட்டத்திற்குரிய கட்டணம் அன்று. செய்தி, நாடகம், தமிழ்ப்படம், காற்பந்து யாவும் அதனுள் அடங்கின. கட்டணம் கட்டிய ஒரு வீட்டின் சன்னலில் பத்து வீட்டுப் பிள்ளைகள் முகம் வைத்துப் பார்த்தனர். லயத்தில் ஒரு வீட்டில் பெட்டி இருந்தால் அது லயத்துப் பெட்டி.

இந்நிலையில்தான் நாட்டின் பெரும் ஆட்டங்கள் பல நிகழ்ந்தன. 1975 மார்ச்சில் உலகக் கிண்ண ஹாக்கிப் போட்டி கோலாலம்பூரில் நடைபெற்றது. அரையிறுதியில் மலேசியா 2-3 என்ற கணக்கில் இந்தியாவிடம் தோற்றது. எந்தப் பக்கம் கைதட்டுவது என்ற குழப்பம் அன்று சில தமிழ் முதியோருக்கு இருந்திருந்தால் வியப்பில்லை. அவ்வாண்டு சூலை 1-ஆம் நாள் முகமது அலி, ஜோ பக்னருடன் மெர்டேக்கா அரங்கில் பதினைந்து சுற்றுகள் மோதி வென்றார். மூன்று திங்கள் கழித்து அதே அலி மணிலாவில் ஜோ பிரேசியருடன் மோதினார். அம்மணிலாச் சண்டையை எச்.பி.ஓ. நிறுவனம் செயற்கைக்கோள் வழியே அமெரிக்காவில் தன் சந்தாதாரர் வீடுகளுக்கு அனுப்பியது. ஆசியாவில் நடந்த ஓர் ஆட்டம், கடலுக்கு அப்பால், பணம் கட்டிய வீட்டுக்கு மட்டும் சென்று சேர்ந்தது. இருபதாண்டு கழித்து எதிர்த்திசையில் இங்கு வரவிருந்த வழக்கத்தின் முதற்குறி அது எனலாம்.

1980 ஏப்ரலில் மலேசியக் காற்பந்துக் குழு தென்கொரியாவை 2-1 என வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது. வலைகாத்தவர் ஆர். ஆறுமுகம், தற்காப்பில் நின்றவர் சந்தோக் சிங். புறக்கணிப்பினால் அவர்கள் மாஸ்கோ செல்லவில்லை. எனினும் அவர்களுடைய பெயர்களை அறியாத தோட்டம் இல்லை. வானொலியும் அரசுத் தொலைக்காட்சியும் செய்த வேலை அது.

திருப்பம் 1990-களில் நேர்ந்தது. 1992-இல் இங்கிலாந்தில் பிரீமியர் லீக் தோன்றியபோது, ஸ்கை நிறுவனமும் பிபிசியும் ஐந்தாண்டு உரிமையை 304 மில்லியன் பவுனுக்கு வாங்கின. நேரடி ஆட்டம் ஸ்கைக்கு. தொகுப்புப் படம் பிபிசிக்கு. அன்று முதல் ஆட்டத்தின் பெருவருவாய் வாயிற்சீட்டிலிருந்து ஒளிபரப்பு உரிமைக்கு மாறியது. உரிமையை நாடு நாடாகப் பிரித்து விற்கின்றனர். வாங்கியவர் முன்பணத்தை வீடு வீடாகத் திரட்ட வேண்டும். திரட்டுவதற்கு வேலி தேவை. அலைக்கு இயற்கையில் வேலி கிடையாது. ஒருவர் பார்ப்பதனால் மற்றவருக்குப் படம் குறைவதும் இல்லை. ஆகவே அலையைப் பூட்டி, திறவுகோலை ஓர் அட்டைக்குள் வைத்தனர். உரிமக் கட்டணத்திலிருந்து சந்தா மாறுபடும் இடம் இதுவே.

நம் நாட்டில் 1995-இல் மெகா டிவி ஒரு சில அயல்நாட்டு அலைவரிசைகளோடு வந்தது, 2001-இல் மறைந்தது. நிலைபெற்றது 1996-இல் தொடங்கிய ஆஸ்ட்ரோ. அவ்வாண்டு சனவரியில் மீசாட்-1 செயற்கைக்கோள் பிரெஞ்சு கயானாவிலிருந்து ஏவப்பட்டது. இம்முயற்சிக்கு மூலவரான டான் ஸ்ரீ ஆனந்த கிருஷ்ணன், 1938-இல் பிரிக்பீல்ட்சில் இலங்கைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். அங்குள்ள விவேகானந்தா தமிழ்ப்பள்ளியில் பயின்று விக்டோரியா கல்விக்கழகம் சென்றவர். 2024 நவம்பரில் மறைந்தார். தமிழ்ப்பள்ளி மாணவர் ஒருவரின் நிறுவனம் நாட்டின் கூரைகளில் எல்லாம் வட்டில் பதித்தது என்று ஆசிரியர் பெருமைப்படலாம். பெருமையோடு கணக்கையும் பார்த்தல் நலம்.

தமிழர் இல்லங்கள் அவ்வட்டிலை ஏற்றது பெரும்பாலும் காற்பந்துக்காக அன்று, வானவில் அலைவரிசைக்காக. நாள்முழுதும் தமிழ் கேட்கும் வாய்ப்பு அதற்குமுன் தொலைக்காட்சியில் இல்லை. விளையாட்டுத் தொகுப்போ தனிக்கட்டணம் உடையது. எனவே தாய்க்கு நாடகம் கிடைத்த வீட்டில் மகனுக்கு ஆட்டம் கிடைக்கவில்லை. அல்லது மகன் வேலைக்குச் சென்று முதற்சம்பளம் வாங்கிய திங்களில் கிடைத்தது. போதாக்குறைக்கு, வானம் கறுத்துக் கனமழை கொட்டினால் படம் நின்றுவிடும். கிள்ளானில் மாலை மழைக்குப் பஞ்சமா!

2012-இல் வந்த என்ஜோய் பெட்டி ஒருமுறை விலையோடு சில அலைவரிசைகளைச் சந்தாவின்றித் தந்தது. 2021-இல் வந்த சூக்கா, வட்டிலையும் நீக்கி இணையவழி ஆட்டத்தைக் கைப்பேசிக்குள் இறக்கியது. வழி மாறியது, பூட்டு மாறவில்லை. லயத்துப் பெட்டி போய், ஆளுக்கொரு திரை வந்ததே இக்கட்டத்தின் புதுமை.

பூட்டு உள்ள இடத்தில் கள்ளச்சாவியும் உண்டு. உரிமையற்ற ஒளிவழிகளைக் காட்டும் பெட்டிகள் கடைகளில் பெருகின. 2022 மார்ச் 18-ஆம் நாள் நடப்புக்கு வந்த பதிப்புரிமைத் திருத்தச் சட்டம், அத்தகைய தொழில்நுட்பத்தை விற்போருக்கும் வழங்குவோருக்கும் 10,000 முதல் 200,000 வெள்ளி வரை தண்டமோ, 20 ஆண்டுக்கு மேற்படாத சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. களவைத் தடுத்தல் முறையே. எனினும், பிற நாடுகள் இன்னொரு வினாவையும் எழுப்பின: எந்த ஆட்டம் பொதுச்சொத்து? பிரிட்டன் 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உலகக் கிண்ணக் காற்பந்து போன்றவற்றைப் பட்டியலிட்டுச் சந்தாவற்ற வீடுகளுக்கும் வைத்திருக்கிறது. இந்தியா 2007-இல் சட்டமியற்றி, நாட்டளவில் முதன்மை பெற்ற ஆட்டங்களின் ஒளியலையைப் பிரசார் பாரதியுடன் பகிருமாறு செய்தது. இங்கே 2022 உலகக் கிண்ணத்தின் 64 ஆட்டங்களும் ஆஸ்ட்ரோவில் வந்தன. அரசு நிதி ஒதுக்கியதனால் ஒரு பகுதி ஆர்.டி.எம்.மிலும் வந்தது. பட்டியல் ஒருமுறை எழுதப்பட்டால் நிற்கும். நிதியோ ஒவ்வொரு முறையும் கேட்டுப் பெறவேண்டியது.

இடைவெளியை நிரப்பியது உணவகம். இங்கிலாந்தில் சனிக்கிழமை பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் இங்கு இரவு 10 அல்லது 11 மணிக்கு வரும். ஐரோப்பியக் கிண்ண ஆட்டங்கள் விடியற்காலை 3, 4 மணிக்கு. முற்காலத்தில் தோட்டத்தில் பெரட்டுக்கு எழும் வேளை அதற்குப் பின்னதாகவே இருந்தது. பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் மாமாக் கடைகளில் அந்நேரத்தில் நாற்காலிகள் திரையை நோக்கித் திரும்பியிருக்கும். சீனர், மலாய்க்காரர், தமிழர் ஒரே மேசையில் ஒரே நடுவரை ஏசுவர். கடைக்காரர் செலுத்துவது வீட்டுச் சந்தா அன்று; வணிகச் சந்தா. இளைஞர் ஒருவர் ஒரு தே தாரேக் வாங்கித் தொண்ணூறு மணித்துளிகள் அமர்ந்திருக்கிறார். அச்சந்தாவில் அவருடைய பங்கு அக்கோப்பையின் விலையில் அடங்கிவிடுகிறது.